ஓர் எழுத்துகூட மாறவில்லையா? தோராச் சுருளும் அதை எழுதியவர்களும்

யூதர்களின் தோராவைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடும். மூவாயிரம் வருஷமாகக் கையாலேயே நகல் எடுக்கிறார்கள், இதுவரை ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மென்பொருள் துறையில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இப்படி ஒரு வாக்கியத்தைப் படித்ததும் கை அரிக்கும். டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா? எதோட ஒப்பிட்டீங்க? எந்த வெர்ஷன்?

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். தோரா என்பது பைபிள் பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து புத்தகங்கள், ஆதியாகமம் தொடங்கி உபாகமம் வரை. இன்று ஜெப ஆலயங்களில் வாசிக்கப்படும் சுருளில் மொத்தம் 3,04,805 எழுத்துகள். ஹீப்ருவில் உயிர்மெய் கிடையாது. சுருளில் இருப்பது மெய்யெழுத்துகள் மட்டும்தான். உயிர்க்குறிகளும் நிறுத்தற்குறிகளும் கிடையாது. இதை ஒரே மனிதர் இறகுப் பேனாவால் தோலில் எழுத வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் வேலை.

ஒருவர் ஆயிரம் எழுத்துக்கு ஒரு பிழைதான் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரொம்ப கவனமான ஆள்தான். அப்படியும் ஒரு சுருளுக்கு முந்நூறு பிழை வரும். அடுத்து அதைப் பார்த்து எழுதுபவர் அந்த முந்நூறையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு தன் பங்குக்கு இன்னொரு முந்நூறு சேர்ப்பார். பத்துத் தலைமுறையில் மூலம் எது, பிழை எது என்றே தெரியாமல் போய்விடும். ஏட்டுச்சுவடிப் பதிப்புகளில் அடிக்குறிப்பு முழுக்கப் பாடபேதமாக இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

ஆகவே கேள்வி இரண்டு. இவர்கள் பிழையை எப்படிக் கட்டுப்படுத்தினார்கள்? நிஜமாகவே ஓர் எழுத்துகூட மாறவில்லையா?

எண்ணுகிறவர்

சுருள் எழுதுபவருக்கு ஹீப்ருவில் சோஃபெர் என்று பெயர். இந்தச் சொல்லின் வேருக்கு எண்ணுதல் என்றும் பொருள் உண்டு. பழைய காலத்து சோஃபெர்கள் தோராவின் எழுத்துகளை எல்லாம் எண்ணி வைத்திருந்தார்கள், அதனால்தான் அந்தப் பெயர் என்று தல்மூத் சொல்கிறது. (தல்மூத் என்பது யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பு.) இந்த எண்ணிக்கையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

சோஃபெர் எழுதுவது மூன்று பொருள்கள்: தோராச் சுருள், தொழுகையின்போது தலையிலும் கையிலும் கட்டிக்கொள்ளும் தெஃபிலின் பெட்டிகளுக்குள் வைக்கும் தோல் நறுக்குகள், வீட்டு நிலைக்கதவில் பொருத்தும் மெசூசா. மெசூசாவில் 713 எழுத்துகள். ஒரு ஜோடி தெஃபிலினில் 3,188.

பொருள்கள் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். உண்ணத்தக்கது என்று யூத மதம் ஏற்கும் விலங்கின் தோல். அதைப் பதப்படுத்தும்போதே இந்தக் காரியத்துக்காகத்தான் என்று சொல்லிப் பதப்படுத்த வேண்டும். மைக்கு மாசிக்காய், வேலம்பிசின், அன்னபேதி. நாட்டு மருந்துக்கடையில் கேட்டால் மூன்றும் கிடைக்கும்! ஐரோப்பிய மரபினர் வாத்து அல்லது வான்கோழி இறகில் எழுதுவார்கள். கிழக்கத்திய மரபினர் பலர் நாணல் பேனாவில்.

அன்னபேதி சேர்க்கலாமா கூடாதா என்பதே தல்மூதில் ஒரு சர்ச்சை. அது சேர்ந்தால் மை தோலில் ஊறிப் பிடித்துக்கொள்ளும், சுலபமாக அழியாது. சேர்த்து எழுதியவர் ரப்பி மெயிர், இரண்டாம் நூற்றாண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஆசிரியர் ரப்பி இஷ்மாயேல் ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னாராம்: இது வானத்து வேலை, ஓர் எழுத்தைக் கூட்டினாலும் விட்டாலும் உலகத்தையே அழித்தவன் ஆவாய் என்ற பொருள்பட. மிகைதான். ஆனால் எந்த எழுத்து என்பதைப் பொறுத்து அவ்வளவு மிகையும் இல்லை.

ஒரு மூலைதான் வித்தியாசம்

ஹீப்ருவில் தாலெத், ரேஷ் என்று இரண்டு எழுத்துகள். இரண்டும் மேலே ஒரு கிடைக்கோடு, வலது பக்கம் ஒரு கால். மேல் வலது மூலை கூராக நீட்டிக்கொண்டிருந்தால் தாலெத், வளைந்து இறங்கினால் ரேஷ். அவ்வளவுதான்.

உபாகமம் 6:4 யூத மதத்தின் அடிப்படை அறிக்கை. கடவுள் ஒருவரே என்பது அதன் சாரம். அதில் ஒன்று என்பதற்கான எஹாத் என்ற சொல் தாலெத்தில் முடிகிறது. மூலை மழுங்கி அது ரேஷ் ஆனால் சொல் அஹேர் ஆகிவிடும். அதற்கு வேறொருவர் என்று பொருள். பேனா முனை அரை மில்லிமீட்டர் வளைந்தால் ஒரு கடவுள் வேறு கடவுள் ஆகிவிடுவார்.

அதனால் அந்த இடத்தில் தாலெத்தை மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக எழுதுவது மரபு. யாத்திராகமம் 34:14இல் வேறு கடவுளை வணங்காதே என்று வரும் இடத்தில் ரேஷைப் பெரிதாக எழுதுவார்கள். எங்கே தப்பு நடந்தால் விபரீதமோ அங்கே எழுத்தையே பெரிதாக்கிவிட்டார்கள்.

எழுத்து வடிவத்துக்கான விதிகளும் இதே மாதிரிதான். மழுங்கிய முள்ளால் தோலில் கோடு கீறிக்கொள்ள வேண்டும். நாகரி எழுத்துபோல இதுவும் கோட்டின்மேல் உட்காராது, கோட்டிலிருந்து தொங்கும். ஒவ்வோர் எழுத்தைச் சுற்றிலும் வெறுந்தோல் தெரிய வேண்டும். பக்கத்து எழுத்தை மயிரிழை தொட்டாலும் செல்லாது. எழுத்தை எழுதித்தான் உருவாக்க வேண்டும், சுரண்டி உருவாக்கக் கூடாது. ரேஷ் எழுத வேண்டிய இடத்தில் தாலெத் எழுதிவிட்டால் மூலையை மட்டும் கத்தியால் செதுக்கி ரேஷ் ஆக்கிவிட முடியாது. எழுத்தின் உருவத்தைக் கலைத்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது குழந்தை டெஸ்ட். தல்மூதில் ஒரு சம்பவம் வருகிறது. ஒரு சுருளில் தோல் ஓட்டையாகி ஒரு வாவ் எழுத்தின் கால் அறுந்துவிட்டது. வாவ் என்பது வெறும் செங்குத்துக் கோடு. கால் குட்டையானால் யோத் என்ற வேறு எழுத்தாகிவிடும். அந்த இடத்தில் வாவ் என்றால் கொன்றார் என்று பொருள், யோத் என்றால் கொல்லப்படுவார் என்று பொருள். செல்லுமா, செல்லாதா? ரப்பி ஸெய்ரா சொன்ன வழி: ரொம்பப் புத்திசாலியும் இல்லாத, மந்தமும் இல்லாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். குழந்தை சரியாகப் படித்தால் எழுத்து செல்லும்.

ஏன் குழந்தை? பெரியவர்களுக்கு வாசகம் மனப்பாடம். கண் எதைப் பார்த்தாலும் மூளை சரியானதைத்தான் படிக்கும். புத்திசாலிக் குழந்தையும் முன்பின் பார்த்து ஊகித்துவிடும். வேண்டியது எழுத்து தெரிந்த, ஆனால் ஊகிக்கத் தெரியாத ஒரு கண். இந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. சந்தேகமான எழுத்து வந்தால் எழுத்து கற்ற சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள்.

தப்பு வரும் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு

விதிகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். எழுதுபவர் பிழை விடமாட்டார் என்று யாரும் நம்பவில்லை. பக்தி வேண்டும், சுத்தம் வேண்டும் என்பதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த ஆள் நிச்சயம் தப்பு விடுவார் என்ற முடிவோடுதான் வேலையை அமைத்திருக்கிறார்கள்.

மனப்பாடமாகத் தெரிந்தாலும் மூலப்பிரதியைப் பார்க்காமல் ஓர் எழுத்துகூடத் தோராவில் எழுதக் கூடாது. எழுதும் முன் சொல்லை வாயால் சொல்ல வேண்டும். கண் பார்த்தது, வாய் சொன்னது, கை எழுதியது என்று ஒரே சொல் மூன்று வழியாகப் போகிறது. தெஃபிலின், மெசூசா வாசகங்கள் எல்லோருக்கும் நன்றாகப் பாடம் என்பதால் அவற்றுக்கு மட்டும் விலக்கு.

பிழை கண்டால் என்ன செய்வது என்பதும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. தோராச் சுருளில் சாதாரண எழுத்து என்றால் சுரண்டி எழுதலாம். கடவுளின் பெயர் என்றால் அழிக்கவே கூடாது. அங்கே பிழை நேர்ந்தால் அந்தத் தோல் துண்டையே சுருளிலிருந்து பிரித்தெடுத்துவிட்டு முழுத் துண்டையும் புதிதாக எழுத வேண்டும். தோல் துண்டுகளை விலங்கின் தசைநாரால்தான் தைத்திருப்பார்கள், அதனால் ஒரு துண்டை மட்டும் மாற்றலாம். மூன்று, நான்கு பத்தி எழுத்து வேலை வீணாகும், சுருள் தப்பிக்கும்.

தெஃபிலினும் மெசூசாவும் இதைவிடக் கறார். அவற்றை வரிசை மாறாமல் எழுத வேண்டும். பின்னால் திரும்பி வந்து விட்டுப்போன எழுத்தைச் செருகவோ உடைந்த எழுத்தைத் திரும்ப எழுதவோ முடியாது. இரண்டாவது சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போனது கடைசியில்தான் தெரிந்தது என்றால் அதற்கப்புறம் எழுதிய எல்லாம் போச்சு. நம்ம பாஷையில் சொன்னால் அப்பெண்ட் ஒன்லி லாக்.

சுருள் மொத்தமாக எப்போது கைவிடப்பட வேண்டும் என்பதற்கும் தல்மூதில் வரம்பு உண்டு. ஒரு பத்திக்கு இத்தனை பிழைவரை திருத்தலாம், அதற்கு மேல் போனால் திருத்தாதே, மறைத்து வை. வரம்பு இரண்டா மூன்றா என்பதில் இரண்டு மரபுகள். இன்னொரு விதி: திருத்தாத சுருளை முப்பது நாளுக்கு மேல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. யாராவது அதைப் பார்த்து எழுதிவிடுவார்களே! பக்கைச் சரிபண்ணு, இல்லாவிட்டால் ரெப்போவிலிருந்தே தூக்கு.

பத்தி அமைப்பையும் சொல்ல வேண்டும். இன்று பரவலாகப் பயன்படும் அமைப்பில் பத்திக்கு 42 வரி, மொத்தம் 245 பத்தி. எல்லாச் சுருளிலும் ஒவ்வொரு பத்தியும் ஒரே சொல்லில் தொடங்கும். சில பத்திகள் தவிர மற்றதெல்லாம் வாவ் எழுத்தில் தொடங்கும்படி அமைத்திருப்பார்கள். அழகுக்காக வந்த பழக்கமாக இருக்கலாம், சில பழைய அறிஞர்கள் இதை விரும்பவும் இல்லை. ஆனால் இதனால் ஒரு லாபம் உண்டு. ஒரு வரி விட்டுப்போனால் பத்திக் கடைசியில் இடம் மிஞ்சும். பிழை அந்தப் பத்தியைத் தாண்டாமலே மாட்டிக்கொள்ளும்.

ஓரத்தில் எழுதியவர்கள்

எந்தப் பிரதியைப் பார்த்து எழுதுவது என்ற கேள்வி இருக்கிறது அல்லவா? பார்த்து எழுதும் பிரதியே தப்பாக இருந்தால் மேலே சொன்ன ஏற்பாடு அத்தனையும் தப்பை விசுவாசமாக நகலெடுக்கும்.

இதற்குப் பதில் சொன்னவர்கள் மசோரெத்துகள். ஏழாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை, முக்கியமாகக் கலிலேயக் கடலோரம் திபேரியாவில் வேலை செய்தவர்கள். இவர்கள் எழுதியது சுருளில் இல்லை, தைத்த ஏட்டுப் புத்தகத்தில். உயிர்க்குறி, இசைக்குறி எல்லாம் போட்டு, ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள் எழுதினார்கள். இந்தச் சொல் இந்த எழுத்துக்கூட்டலில் வேதம் முழுவதிலும் மூன்றே முறை வருகிறது, இது ஒரே ஒரு முறைதான் என்கிற மாதிரி. அதே சொல் வேறிடங்களில் வேறு மாதிரி எழுதப்பட்டிருப்பதைப் பார்த்து, இதையும் அப்படி மாற்றிவிடலாமே என்று அதிகப்பிரசங்கித்தனமாகத் திருத்தக் கிளம்பும் எழுத்தருக்குத்தான் அந்தக் குறிப்பு. நம்ம கோடில் கமெண்ட் போடுவதுண்டே, பார்க்கத் தப்பு மாதிரி இருக்கும், தயவுசெய்து கை வைக்காதே என்று. அதேதான்.

இந்த வேலையின் உச்சம் அலெப்போ ஏடு. கி.பி. 930 வாக்கில் திபேரியாவில் ஷ்லோமோ பென் புயாஆ எழுத, ஆரோன் பென் ஆஷேர் குறிகளும் ஓரக்குறிப்பும் போட்டார். பிற்பாடு எகிப்துக்குப் போனது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தத்துவஞானியும் மருத்துவருமான மைமோனிடெஸ் தோராச் சுருளுக்கான சட்டங்களைத் தொகுத்தபோது, தான் பார்த்த சுருள்களில் எங்கே புதுப் பத்தி, எங்கே இடைவெளி என்பதில் பெருங்குழப்பம் இருந்ததாகவும், அதனால் பென் ஆஷேர் சரிபார்த்த ஏட்டையே ஆதாரமாகக் கொண்டதாகவும் எழுதியிருக்கிறார். அது இந்த ஏடுதான் என்பது அறிஞர்கள் பலரின் முடிவு.

பின்னர் அது சிரியாவின் அலெப்போவுக்குப் போய் நூற்றாண்டுகளாக ஜெப ஆலயப் பெட்டகத்தில் இருந்தது. 1947 டிசம்பரில் நடந்த கலவரத்தில் ஆலயம் எரிந்தது. ஏடு மறைத்து வைக்கப்பட்டு, 1958இல் சிரியாவிலிருந்து கடத்தி எருசலேமுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏறக்குறைய 490 தாள்களில் மிஞ்சியது 295 மட்டும். போனதில் தோராவின் பெரும்பகுதியும் அடக்கம். எதைப் பார்த்து மற்றதெல்லாம் சரிபார்க்கப்பட்டதோ, அதிலேயே இன்று தோரா கிட்டத்தட்ட இல்லை.

கொச்சியிலிருந்து ஒரு சாட்சி

இப்போது டெஸ்டுக்கு வருவோம். ஏற்பாடு பிரமாதம், ஆனால் வேலை செய்ததா? தெரிந்துகொள்ள ஒரே வழி, காலத்தாலோ தூரத்தாலோ விலகிக் கிடக்கும் பிரதிகளை எடுத்து ஒப்பிடுவது.

தூரத்தை வைத்து நடந்த சோதனை ஒன்று நம்ம பக்கத்திலேயே தொடங்கியது. 1806இல் கிளாடியஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் கல்கத்தாவிலிருந்து கிளம்பி, தஞ்சாவூர் எல்லாம் பார்த்துவிட்டு மலபார் போய்ச் சேர்ந்தார். கொச்சி யூதர்களிடமிருந்து பழைய சுருள் ஒன்று அவருக்குக் கிடைத்தது. சிவப்புச் சாயம் ஏற்றிய ஆட்டுத்தோல், சில பகுதிகள் இல்லாமல். அது இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

அப்போதைய ஐரோப்பாவில் இது சூடான விஷயம். யூத ரப்பிகள் வேதத்தைத் திருத்திவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பெஞ்சமின் கென்னிகாட் அறுநூறுக்கு மேற்பட்ட கைப்பிரதிகளை ஒப்பிட்டு 1776இலும் 1780இலும் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டிருந்தார். ஐரோப்பாவிலிருந்து ஒதுங்கிக் கிடந்த இந்திய யூதர்களிடம் திருத்தப்படாத வேதம் இருக்குமோ என்ற எதிர்பார்ப்பு. தாமஸ் யேட்ஸ் என்பவர் கொச்சிச் சுருளை அச்சுப்பிரதியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு 1812இல் முடிவை வெளியிட்டார். வேறுபாடுகள் சுமார் நாற்பது. பெரும்பாலும் வாவ், யோத் கூடுதல் குறைச்சல். பொருளை மாற்றும் வேறுபாடு ஒன்றும் இல்லை.

திருத்தப்படாத வேதம் என்ற எதிர்பார்ப்பு அதோடு புஸ்ஸென்று போனது. ஆனால் ஒரு எச்சரிக்கை: கொச்சி ஒன்றும் தனித்தீவு இல்லை. யேமனோடு தொடர்பு இருந்தது. 1686இல் மோசே பெரேரா டி பைவா ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்து கொச்சி யூதர்களைச் சந்தித்துப் போனார். ஆகவே இது ஓரளவு சாட்சிதான், முழுச் சாட்சி இல்லை.

எரிந்த கட்டைக்குள் இருந்த எழுத்து

காலத்தை வைத்துச் சோதிக்க ரொம்ப நாள் வழியே இல்லாமல் இருந்தது. முழுமையான பழைய ஹீப்ரு வேத ஏடுகள் எல்லாம் பத்தாம், பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1947இல் சாக்கடல் ஓரம் கும்ரான் குகைகளில் சுருள்கள் கிடைத்ததும் ஒரே தாவலில் ஆயிரம் வருஷம் பின்னால் போக முடிந்தது.

அங்கே கிடைத்த விடை கலவையானது. சில துண்டுகள் இன்றைய வாசகத்தோடு அப்படியே ஒத்துப்போயின. சில சமாரியர்களின் தோராவை ஒத்திருந்தன, சில கிரேக்க மொழிபெயர்ப்புக்கு அடிப்படையாக இருந்த வாசகத்தை. ஏழு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெரிய ஏசாயா சுருளில் இன்றைய வாசகத்திலிருந்து ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகள். பெரும்பாலும் எழுத்துக்கூட்டல்தான், ஆனால் சொல் மாறும் இடங்களும் உண்டு. ஏசாயா தோராவில் சேராது என்றாலும் விஷயம் புரிகிறது: கி.மு. கடைசி நூற்றாண்டுகளில் வேதத்துக்கு ஒரே வாசகம் என்று இல்லை. பல பிராஞ்சுகள் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன.

அடுத்த சாட்சி என்-கெதி சுருள். சாக்கடல் மேற்குக் கரையில் என்-கெதி என்ற ஊர். அதன் ஜெப ஆலயம் கி.பி. 600 வாக்கில் தீயில் அழிந்தது. 1970 அகழாய்வில் சுருள் வைக்கும் பெட்டகம் இருந்த இடத்தில் கரிக்கட்டைகள் கிடைத்தன. சுருள்தான், ஆனால் தொட்டால் பொடியாகும். நாற்பத்தைந்து வருஷம் அப்படியே வைத்திருந்தார்கள்.

கென்டக்கி பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானி பிரென்ட் சீல்ஸ் குழு அதை விரிக்காமலே படித்தது. மைக்ரோ சி.டி. ஸ்கேன் எடுத்து, முப்பரிமாணத் தரவில் சுருண்டு கிடக்கும் தோல் அடுக்கை மென்பொருளால் தனியாகப் பிரித்து, அதன்மேல் மை இருக்கும் புள்ளிகளைக் கண்டுபிடித்து, கடைசியில் திரையில் தட்டையாக விரித்தார்கள். 2015இல் அறிவித்து, 2016இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளே இருந்தது லேவியராகமத்தின் தொடக்கம். கார்பன் கணிப்பு கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டு என்றது; எழுத்து வடிவத்தை வைத்து அதைவிட முந்தையது என்பவர்களும் உண்டு.

படிக்க முடிந்த பகுதியில் மெய்யெழுத்துகள் இன்றைய வாசகத்தோடு முழுக்க ஒத்துப்போயின. பத்திப் பிரிப்பும்கூட. நடுவில் எத்தனை நாடு, எத்தனை கை, எத்தனை பேனா!

நடு எழுத்து எங்கே?

இதோடு நிறுத்தினால் பக்திப் பதிவாகிவிடும். தள்ளிப்போட்ட வில்லங்கத்துக்கு வருகிறேன்.

பழைய சோஃபெர்கள் எழுத்துகளை எண்ணி, லேவியராகமம் 11:42இல் காஹோன் என்ற சொல்லில் வரும் வாவ்தான் தோராவின் நடு எழுத்து என்றார்களாம். இன்றும் சுருள்களில் அந்த வாவைப் பெரிதாகவே எழுதுகிறார்கள். ஆனால் இன்றைய சுருளை எண்ணிப் பார்த்தால் நடு எழுத்து லேவியராகமம் எட்டாம் அதிகாரத்தில் வருகிறது. ஏறக்குறைய 4,800 எழுத்து முன்னால். கணினி வைத்திருக்கும் யாரும் பத்து வரி புரோகிராமில் சோதித்துக்கொள்ளலாம்.

இதற்குப் பலர் பல சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அவற்றைவிட அதே தல்மூத் பக்கத்தில் அடுத்து வருவது முக்கியமாகப் படுகிறது. அந்த வாவ் முதல் பாதியில் சேருமா, இரண்டாம் பாதியிலா என்று ரப் யோசேஃப் கேட்கிறார். ஒரு சுருளைக் கொண்டுவந்து எண்ணிப் பார்த்துவிடலாமே என்று பேச்சு போகிறது. வரும் பதில்: அவர்களுக்குத் தெரிந்திருந்தது, நமக்கு எங்கே கூடுதல் எழுத்து, எங்கே குறைந்த எழுத்து என்பதில் தேர்ச்சி இல்லை. அதாவது, கைவசம் இருக்கும் பிரதி எழுத்துக்கு எழுத்து மூலம்தான் என்று உறுதி சொல்ல முடியாது என்று தல்மூதே ஒப்புக்கொள்கிறது. ஓர் எழுத்தும் மாறவில்லை என்பது பின்னால் வந்தவர்கள் செய்த விளம்பரம்.

இன்றைக்கும் எல்லாச் சுருளும் ஒன்றில்லை. யேமன் யூதர்களின் தோராவுக்கும் மற்றவர்களுடையதற்கும் ஒன்பது எழுத்து வேறுபாடு. ஆதியாகமம் 9:29இல் நோவாவின் வாழ்நாளைச் சொல்லும் வினைச்சொல் ஒன்றில் ஒருமை, இன்னொன்றில் பன்மை. பொருள் மாறவில்லை.

ஆக, சோதனையின் முடிவை இப்படிச் சொல்லலாம். கி.மு. காலத்தில் வாசகம் பலவாக இருந்தது. கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளை ஒட்டி ஒன்று நிலைபெற்றது. எப்படி, யாரால் என்பது தனிக் கதை. அதன்பின் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் எழுத்துக்கூட்டல் அளவிலான சிறு பிசகுகளோடு அது நிலைத்து நின்றது. விட்டுப்போன பிசகுகள் பெரும்பாலும் வாவ், யோத் இரண்டில்தான். காரணம் சுலபம். அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பல சொற்களின் உச்சரிப்பு மாறாது. வாயால் சொல்லி எழுதும் டெஸ்டில் மாட்டாத பக் அவை மட்டும்தான்.

கொடுத்த விலை

இந்த முறைக்கு ஒரு விலையும் உண்டு. செல்லாத சுருளை எரிக்கவோ எறியவோ கூடாது. மறைத்து வைக்க வேண்டும் அல்லது மனிதரைப் போலவே மண்ணில் புதைக்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறையும் தேய்ந்துபோன பழைய பிரதியைப் புதைத்துவிட்டுப் புதிய பிரதியோடு போனது. வாசகம் பிழைத்தது, பிரதிகள் பிழைக்கவில்லை. இத்தாலியில் பொலோனியா பல்கலைக்கழகத்தில் இருக்கும் முழுத் தோராச் சுருள் ஒன்றை 2013இல் பேராசிரியர் மவுரோ பெரானி அடையாளம் கண்டார். 1889இல் தயாரான நூலகப் பட்டியலில் அது பதினேழாம் நூற்றாண்டு என்று குறிக்கப்பட்டிருந்தது. கார்பன் கணிப்பில் 1155க்கும் 1225க்கும் இடைப்பட்டது என்று வந்தது. முழுமையாகக் கிடைத்திருக்கும் தோராச் சுருள்களில் மிகப் பழையது என்று கருதப்படுவது அதுதான். கும்ரானும் என்-கெதியும் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், அவற்றைத் திரும்ப எடுத்து முறைப்படி புதைக்க யாரும் மிஞ்சவில்லை என்பதுதான்.

1980களிலிருந்து கணினியும் இந்த வேலைக்கு வந்துவிட்டது. சுருளை ஸ்கேன் செய்து, மென்பொருள் எழுத்துகளை அடையாளம் கண்டு, சரியான வாசகத்தோடு ஒப்பிடுகிறது. பல வருஷம் வாசிப்பில் இருந்த சுருள்களில்கூட ஓர் எழுத்து, ஒரு சொல் விட்டுப்போயிருந்தது இதனால் தெரியவந்தது. வாரா வாரம் சபையே கேட்க வாசித்தும் யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் அது பாடம். கணினிக்குப் பாடம் இல்லை.

ஆனால் கணினி பார்த்ததும் வேலை முடிவதில்லை. விரிசல் விட்ட மை, மயிரிழையில் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு எழுத்து, மழுங்கிய மூலை, இதையெல்லாம் சரிபார்ப்பவர் கண்ணால்தான் பார்க்கிறார். எழுதுவதற்கு இன்னும் கணினியைச் சேர்க்கவில்லை, சேர்க்கவும் முடியாது. இந்தக் காரியத்துக்காக எழுதுகிறேன் என்ற நினைப்போடு ஒரு மனிதர் எழுதினால்தான் செல்லும் என்பது சட்டம். கணினியும் கண்ணும் பார்த்த பிறகும் சந்தேகம் தீராத எழுத்து என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, இது என்ன எழுத்து சொல்லு என்று கேட்கிறார்கள்.